அட்டையில் முப்பது ஓட்டைகள்

அக்காவின் மகன் சுருட்டிக் கொண்டுவந்ததை ஏதோ சாமிப்படம் என்றுதான் முதலில் நினைத்தோம். சுவிஸில் பிறந்து வளர்ந்த பிள்ளை. ஆடி விடுமுறைக்குப் புளியங்குளம் வந்திருந்தான். விறாந்தை மேசையில் விரித்தால், அரை மீற்றருக்கு மேல் அகலமான வெள்ளை அட்டை. நடுவில் சாப்பாட்டுக் கோப்பையளவு கறுப்பு வட்டம். அதற்குள்ளும் ஓரத்திலுமாக முப்பது ஓட்டைகள்.

“நான் சுட்டது மாமா. இருபத்தைஞ்சு மீற்றரில நிண்டு.”

அம்மா அட்டையை ஒருதரம் பார்த்தா. ஒன்றும் சொல்லாமல் எழும்பி அடுப்படிக்குப் போய்விட்டா. 1997இல் இராணுவத்தின் ஜயசிக்குறு நடவடிக்கைச் சண்டை இந்தப் புளியங்குளம் சந்தியைச் சுற்றி மாதக்கணக்கில் நடந்தபோது எங்களைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியேறியவ அவ. பேரனுக்கு அது விளங்கவில்லை. அவனுடைய பெருமையில் பிழையும் இல்லை. இரண்டு பேருக்கும் நடுவில் இருந்து நான் அந்த அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பௌதிகவியல் படிப்பிக்கிறவனுக்கு அதில் வாசிக்க நிறைய இருந்தது.

ஒவ்வோர் ஓட்டையின் விளிம்பிலும் பென்சில் கரிபோல ஒரு சாம்பல் வளையம். அது ஈயம், ரவை கடதாசியைத் துளைக்கும்போது துடைத்துவிட்டுப் போன கறை. அடிமட்டம் வைத்து அளந்தால் ஓட்டை ரவையைவிடச் சற்றுச் சிறிது. உருண்டை முனை கடதாசியை வெட்டுவதில்லை, விலக்கிக்கொண்டு போகிறது. போனபின் நார்கள் கொஞ்சம் திரும்பி வந்து வாயை மூடுகின்றன.

அவன் சுட்டது 0.22 பிஸ்டலால். அந்த எண் அங்குலக் கணக்கு, மில்லிமீற்றரில் 5.6. வன்னியில் எம்-16ஐ அறியாதவர் குறைவு. அதன் ரவைக்கு 5.56 என்று பெயர். கிட்டத்தட்ட ஒரே அகலம்! ஆனால் எம்-16 ரவை சுமார் 4 கிராம், செக்கனுக்கு 900 மீற்றருக்கு மேல் பறக்கும். மருமகனுடையது 2.6 கிராம், பிஸ்டலின் குட்டைக் குழலிலிருந்து செக்கனுக்கு 300 மீற்றர் அளவில் புறப்படும். இயக்கசக்தியைக் கணக்கிட்டால் முதலாவது 1,700 யூல் அளவு, மற்றது 117 யூல். குழலின் விட்டத்தை மட்டும் வைத்து ஒரு துவக்கைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

117 யூல் என்பது 12 கிலோ அரிசிப்பை ஒரு மீற்றர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமன். காலில் விழுந்தால் நோகும், அவ்வளவுதானே என்று தோன்றும். அந்த முழுச் சக்தியும் கால் சதுர சென்ரிமீற்றர் பரப்பில் இறங்கினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ‘சின்னத் துவக்கு’ என்ற சொல்லை என் வகுப்பில் யார் சொன்னாலும் இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டாமல் விடமாட்டேன்.

சரி, 0.22 பிஸ்டல் மற்றப் பிஸ்டல்களைவிட மலிவு. ஏன்? அதன் விடை பிஸ்டலில் தொடங்கவில்லை, தோட்டாவில் தொடங்குகிறது. 1845இல் பாரிஸில் ஃபுளோபேர் என்பவர், வீட்டு மண்டபத்துக்குள் குறிபார்த்துச் சுடும் பொழுதுபோக்குக்காக ஒரு சின்னஞ்சிறு தோட்டாவைச் செய்தார். 1857இல் ஸ்மித் அன்ட் வெசன் அதை வளர்த்துத் தங்கள் ரிவோல்வருக்கு ஏற்றதாக்கியது. இன்று மருமகன் சுடும் நீள வடிவம் 1887இல் வந்தது. ஏறக்குறைய 140 வருடமாக அடிப்படை மாறவில்லை.

மற்றத் தோட்டாக்களின் அடியில், நடுவில், தீப்பற்றும் மருந்து வைத்த ஒரு சிறு மூடி தனியாகப் பொருத்தியிருக்கும். இதில் அது இல்லை. பித்தளைக் கோதின் அடிவிளிம்பே உள்ளுக்குப் பொள்ளலாக மடிந்திருக்கும். மருந்து அந்த மடிப்புக்குள் இருக்கும். ஊசிமுனை விளிம்பை நசுக்கினால் பற்றிக்கொள்ளும். நசுங்க வேண்டுமானால் கோது மெல்லியதாக இருக்க வேண்டும். மெல்லிய கோது பெரிய அமுக்கத்தைத் தாங்காது. ஆகவே வெடிமருந்தும் கொஞ்சம்தான்: ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு அளவு, தேநீர்க் கரண்டியின் நுனியில் ஒட்டுவது. பித்தளை கொஞ்சம், ஈயம் கொஞ்சம், மருந்து கொஞ்சம். கோடிக்கணக்கில் வார்த்துத் தள்ளலாம்.

கொஞ்சம் என்றாலும் குழலுக்குள் அமுக்கம் உச்சத்தில் வளிமண்டலத்தைப்போல 1,600 மடங்கு வரை ஏறும். கார் ரயருக்குள் இருப்பது இரண்டு, இரண்டரை மடங்கு. இந்த அமுக்கத்தைப் பின்பக்கம் எது தடுத்து நிற்கிறது? பூட்டு ஏதும் இல்லை. ஓர் இரும்பு உருளை, அதன் பின்னால் ஒரு சுருள்வில், முடிந்தது. முதன்முதல் படித்தபோது நான் நம்பவில்லை. கணக்கைப் போட்டுப் பார்த்தபின்தான் நம்பினேன்.

உருளை 200 கிராம் என்று வைத்துக்கொள்வோம். ரவை 2.6 கிராம். இரண்டையும் ஒரே வாயு ஒரே நேரத்தில் எதிரெதிராகத் தள்ளுகிறது; உந்தங்கள் சமன். ஆகவே ரவை போகும் தூரத்தில் 77இல் ஒரு பங்குதான் உருளை போகும். 11 சென்ரிமீற்றர் குழலைக் கடந்து ரவை வெளியேறும் அந்தக் கணத்தில் உருளை பின்வாங்கியிருப்பது ஒன்றரை மில்லிமீற்றர்கூட இல்லை. கோது இன்னும் குழலுக்குள்ளேயே இருக்கிறது; அமுக்கமோ வாய்வழியாக வெளியேறிவிடுகிறது. பெற்ற வேகத்தில் உருளை பின்னே ஓடி, வெறுங்கோதைத் துப்பி, சுருள்வில் தள்ள முன்னே வந்து அடுத்த தோட்டாவை ஏற்றும். பாரமே பூட்டாகிறது. நியூட்டனின் மூன்றாம் விதியைப் பிள்ளைகளுக்கு விளக்க நான் இத்தனை வருடமாகப் பலூனைத்தான் பாவித்து வந்திருக்கிறேன். இது அதைவிட அழகான உதாரணம்.

9 மில்லிமீற்றர் ரவையின் உந்தம் இதைப்போல மூன்றரை மடங்கு. அதே வழியில் செய்யப்போனால் உருளையே முக்கால் கிலோ வரும். அதனால் அங்கே குழலையும் அடைப்பையும் பூட்டி அவிழ்க்கும் பொறி தேவைப்படுகிறது, கடைசல் வேலை கூடுகிறது, விலை ஏறுகிறது.

மருமகனின் பிஸ்டல் ரூகர் கம்பனியினுடையது. அவனுடைய சூட்டுக் கழகத்து முதியவர் ஒருவரிடம் பாவித்ததாக வாங்கியிருக்கிறான். இரண்டாம் உலகப் போர் முடிந்து அமெரிக்கப் படையினர் ஊர் திரும்பியபோது ஜப்பானிய நம்பு பிஸ்டல்களும் சிலர் கையோடு வந்தன. வில்லியம் ரூகர் அவற்றின் அமைப்பை ஆராய்ந்தார். 1949இல், அலெக்சாண்டர் ஸ்ரேர்ம் போட்ட 50,000 டொலர் முதலோடு, 37 டொலர் 50 சதத்துக்கு ஒரு 0.22 பிஸ்டலை விற்பனைக்கு விட்டார். பிடியை இரும்புக் கட்டியிலிருந்து கடைந்தெடுக்கவில்லை. உருக்குத் தகட்டை இரண்டு அரைகளாக அச்சில் அழுத்தி, சிப்பி மூடுவதுபோலச் சேர்த்துப் பற்றவைத்தார். குழல் அசையாமல் ஓர் உருளைக் கூட்டில் திருகி நிற்கிறது. நான் சொன்ன அந்த இரும்பு உருளை மட்டும் கூட்டுக்குள் ஓடுகிறது. குறிபார்க்கும் முன்முனையும் பின்முனையும் அசையாத பகுதியிலேயே இருக்கின்றன. ஆகவே ஆயிரம் வெடி தீர்ந்த பின்னும் குழலுக்கும் குறிக்கும் உள்ள உறவு மாறுவதில்லை. செலவைக் குறைக்கச் செய்த எளிமையே துல்லியத்தையும் தந்தது. பொறியியலில் இப்படி அமைவது அபூர்வம்.

எங்கள் பக்கம் துவக்கு என்றால் முதலில் நினைவில் வருவது இடியன். வாய்வழியே மருந்தையும் சன்னத்தையும் போட்டு இடித்து இறுக்குவதால் அந்தப் பெயர். பன்றி வயலை உழுதுவிட்டுப் போகும் ஊரில் அது ஏன் இருந்தது என்று எனக்கு விளங்கும். கட்டுத்துவக்கு இன்னும் கொடியது: பன்றி வரும் தடத்தில் கயிறு கட்டி வைத்துவிட்டுப் போய்விடுவார்கள், விறகுக்குப் போகிறவரின் காலும் அதே கயிற்றில்தான் தட்டும். என் சின்ன வயதில் எங்கள் ஒழுங்கையில் ஒருவரின் இடியன் பின்பக்கம் பிளந்து வலக்கைப் பெருவிரல் போனது. தண்ணீர் ஓட அளவெடுத்த குழாயில் செய்த அதன் குழல் வெடிமருந்தின் அமுக்கத்தைத் தாங்கவில்லை. பிறகு அவர் நாலு விரலால் மண்வெட்டி பிடித்த விதம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

இடியனின் குழல் உள்ளே வழுவழுப்பு. ரூகரின் குழலுக்குள் திருகாணிப் புரிபோல ஆறு தவாளிப்புகள் ஓடுகின்றன. 16 அங்குலத்துக்கு, அதாவது 40 சென்ரிமீற்றருக்குச் சற்றுக் கூட, ஒரு முழுச் சுற்று. மென்மையான ஈயம் அந்தப் புரியில் பதிந்து சுழன்றுகொண்டே வெளியே வருகிறது: செக்கனுக்கு ஏறக்குறைய 740 சுற்று. முழு முறுக்கில் அலறும் சாதாரண மோட்டார் சைக்கிள் எஞ்சின்கூட 150 அளவுதான். சுழலும் பம்பரம் விழாமல் நிற்பதுபோல இந்த ரவையும் முனையை முன்வைத்தே போகும். 25 மீற்றரைக் கடக்க அதற்குச் செக்கனில் பன்னிரண்டில் ஒரு பங்கு போதும். அந்த நேரத்துக்குள் புவியீர்ப்பு அதை 34 மில்லிமீற்றர் கீழே இழுக்கும். குறியைத் திருத்தி அதை ஈடுசெய்து வைத்திருப்பார்கள்.

அப்படியென்றால் முப்பதும் ஒரே ஓட்டையாக அல்லவா இருக்க வேண்டும்? அங்கேதான் கை வருகிறது.

அந்த அட்டையில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 50 மில்லிமீற்றர். நடுவிலிருந்து விளிம்புக்கு 25. இருபத்தைந்து மீற்றரில் 25 மில்லிமீற்றர் என்றால் ஆயிரத்தில் ஒன்று. முன்முனைக்கும் பின்முனைக்கும் இடையே 20 சென்ரிமீற்றர் என்றால், அதில் ஆயிரத்தில் ஒன்று 0.2 மில்லிமீற்றர். அப்பியாசக் கொப்பியின் இரண்டு தாள் தடிப்பு. முன்முனை அவ்வளவு விலகினாலே பத்து ஒன்பதாகும். ஒரு மில்லிமீற்றர் விலகினால் 125 மில்லிமீற்றர் தள்ளிப்போய்க் கறுப்பு வட்டத்தையே விட்டு வெளியேறும்.

இதில் பலரும் தவறவிடும் இடம் ஒன்றுண்டு. முழுக் கையும் அப்படியே ஒரு சென்ரிமீற்றர் பக்கவாட்டில் நகர்ந்தால் ரவையும் ஒரு சென்ரிமீற்றர்தான் நகரும். இன்னும் பத்துக்குள்ளேயே விழும். மணிக்கட்டு கொஞ்சம் திரும்பினால் போச்சு. தூரம் பெருப்பிப்பது கோணத்தை மட்டும்தான். தேர்ந்தவர்களின் கையும் ஆடும். மனிதத் தசை செக்கனுக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை இயல்பாகவே நடுங்கிக்கொண்டிருக்கிறது. அவர்கள் கற்பது நடுக்கத்தை நிறுத்துவதை அல்ல, கோணம் மாறாமல் நடுங்குவதை. கண்ணும் இலக்கைப் பார்ப்பதில்லை. முன்முனையைக் கூர்மையாகப் பார்க்கிறது; கறுப்பு வட்டம் மங்கலாகவே தெரியும். மூன்று தூரங்களை ஒரே நேரத்தில் கூர்மையாகப் பார்க்கக் கண்வில்லையால் முடியாது. எதை விட்டுக்கொடுப்பது என்பதே வித்தை.

நடுக்கத்தை மருந்தால் அடக்கப் பார்த்தவர்களும் உண்டு. 2008 பீஜிங் ஒலிம்பிக்கில் வடகொரியாவின் கிம் ஜொங் சு பிஸ்டலில் ஒரு வெள்ளியும் ஒரு வெண்கலமும் வென்றார். புரொப்ரனலோல் பாவித்தது பரிசோதனையில் தெரியவர இரண்டும் பறிபோயின. எங்கள் ஆஸ்பத்திரிகளில் இரத்த அழுத்தத்துக்கும் படபடப்புக்கும் கொடுக்கும் சாதாரணக் குளிசை அது.

மருமகனின் அட்டைக்குத் திரும்பினேன். ஒன்பது ஓட்டைகள் பத்துக்குள். மிச்சத்தில் பெரும்பாலானவை இடப்பக்கம், கீழே.

“நீ வலக்கைதானே? விசைவில்லை அமத்திறாயில்லை, வெடுக்கெண்டு இழுக்கிறாய்.”

“எங்கட பயிற்சியாளரும் அதைத்தான் சொல்லுறவர். நீங்கள் எப்பிடிக் கண்டுபிடிச்சனீங்கள்?”

அட்டைதான் சொல்கிறது. போட்டி விதிப்படி அந்தப் பிஸ்டலின் விசைவில் குறைந்தது ஒரு கிலோ பாரத்தைத் தாங்க வேண்டும். ஒரு கிலோ அளவே எடையுள்ள பொருளை ஒரு கிலோ விசையோடு ஒரு விரலால் இழுக்கும்போது மற்ற விரல்களும் சேர்ந்து இறுகினால், வலக்கைக்காரனின் குழல் இடமாகக் கீழே சரியும். அதைவிட ஆழமான காரணமும் ஒன்று உண்டு. உடம்பு வெடியை முன்கூட்டியே எதிர்பார்க்கிறது. சத்தமும் உதையும் வருமுன்னே தோள் சுருங்கி, கண் மூடி, மணிக்கட்டு வளைந்துவிடும். 0.22ஐக் கற்பவர் கையில் கொடுப்பதன் முதற்காரணம் இதுதான். அதன் ரவையின் உந்தத்தைப்போல 16 மடங்கு பன்னிரண்டாம் இலக்கச் சன்னத் தோட்டாவில் இருக்கிறது. அதைச் சுட்டுப் பழகிய தோள் பயத்தையும் சேர்த்துப் பழகிவிடும். குறைந்த உதையில் பழகினால் உடம்பு பயத்தைக் கற்பதில்லை. இருந்தாலும் 0.22இன் சத்தமும் காதுக்குப் பக்கத்தில் 140 டெசிபலைத் தாண்டும். காது மூடி இல்லாமல் சுட்டால் செவியின் நுண்ணிய மயிர்க்கலங்கள் சாகும்; செத்தது முளைக்காது.

அப்போதுதான் அடுப்படியில் இருந்தவவை நினைத்தேன். எங்கள் கூரைத் தகரத்தில் தேங்காய் விழுந்தால் அம்மா இன்றைக்கும் நிலத்தில் குந்துவா. மருமகனின் மணிக்கட்டும் அம்மாவின் முழங்காலும் கற்ற பாடம் ஒன்றே. ஒன்று சனிக்கிழமைப் பின்னேரங்களில் கற்றது, மற்றது பதுங்குகுழியில் கற்றது. முதலாவதை ஒரு பயிற்சியாளர் சில மாதத்தில் அவிழ்த்துவிடுவார்.

“மாமா, இஞ்ச இப்பிடி ஒண்டு வைச்சிருக்கேலாதோ?”

கேட்க வேண்டிய கேள்விதான். இலங்கையில் துவக்குகளை ஆள்வது 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம். பயிர்க் காவலுக்குச் சன்னத் துவக்குக் கேட்பவர் மாவட்டச் செயலகத்தை நாட வேண்டும். பிஸ்டலும் ரிவோல்வரும் பாதுகாப்பு அமைச்சின் கையில். அனுமதிப்பத்திரத்தை வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். 2024 நவம்பரில், தற்பாதுகாப்புக்கென்று கொடுத்திருந்தவற்றைக்கூட ஒப்படைத்து மீளாய்வுக்கு விடும்படி அமைச்சு கேட்டது. ‘மலிவாக ஒன்று வாங்கி வீட்டில் வைத்துக்கொள்வோம்’ என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை. இருக்கவும் கூடாது என்பதே என் எண்ணம். இந்த மண்ணில் கண்ணிவெடி அகற்றுகிறவர்கள் இன்னும் முழங்காலில் நின்று இரும்பு தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

சுவிஸிலும் எல்லோருக்கும் கதவு திறந்திருக்கவில்லை. பிஸ்டல் வாங்கக் கன்ரோன் பொலிஸின் அனுமதிப்பத்திரம் வேண்டும். அத்தோடு, சில நாட்டுப் பிரசைகளுக்கு ஆயுதம் வாங்குவதும் வைத்திருப்பதும் அங்கே தடை. அந்தப் பட்டியலில் இலங்கையும் உண்டு. மருமகன் சுவிஸ் குடியுரிமை எடுத்தபின்தான் விண்ணப்பித்தான். இன்னும் இலங்கைப் பாஸ்போட்டோடு இருக்கும் அவனுடைய தாய்க்கு அது முடியாது.

ஒரு 0.22 ரவையைச் சாய்வாக மேல்நோக்கிச் சுட்டால் ஒன்றரைக் கிலோமீற்றர் வரை போகும். எங்கள் சந்தியை நடுவாக வைத்து அந்த ஆரையில் ஒரு வட்டம் கீறினால் ஏ9 வீதிக் கடைகள், வயல், வீடு, வாசல் எல்லாம் உள்ளே வந்துவிடும். தண்ணீரிலும் கிரவலிலும் சாய்வாகப் பட்டால் தெறித்துத் திரும்பும். மெதுவான ரவைதானே, சத்தமும் குறைவுதானே என்று கவனம் தளர்வது அதனால்தான் ஆபத்து. சத்தம் குறைவதற்கும் காரணம் உண்டு: 35 பாகை வெயிலில் ஒலியின் வேகம் செக்கனுக்கு 352 மீற்றர், உறைகுளிரில் 331. பிஸ்டலிலிருந்து 300இல் போகும் ரவை இரண்டையும் தாண்டாது. ஆகவே ஒலியை முந்தும்போது எழும் சவுக்கடிச் சத்தம் இதில் இல்லை. மருமகனின் கழகத்தில் இலக்குக்குப் பின்னால் மண்மேடு, பக்கங்களில் சுவர், சுடுபவர் வரிசையைத் தாண்டி ஒருவரும் போகாத ஒழுங்கு. சுட்டு முடிந்து கைகழுவாமல் ஒருவரும் பாணைத் தொடுவதில்லை, ஈயத் தூள் கையில் ஒட்டியிருப்பதால்.

இந்த விளையாட்டு எங்களுக்கு அந்நியமும் அல்ல. 1994இல் கனடாவின் விக்ரோரியாவில் நடந்த பொதுநலவாயப் போட்டியில் மாலினி விக்கிரமசிங்கவும் புஷ்பமாலி ராமநாயக்கவும் காற்றுத் துப்பாக்கி இணைச் சூட்டில் இலங்கைக்குத் தங்கம் வென்றார்கள். தெஹானி எகொடவெல ரோக்கியோ ஒலிம்பிக்கில் சுட்டார். பிஸ்டலில் இந்தியாவின் விஜய்குமார் 2012 லண்டனில் வெள்ளி வென்றது இதே 0.22 தோட்டாவால். மனு பாக்கர் 2024 பாரிஸில் இரண்டு வெண்கலம் வென்றது காற்றுப் பிஸ்டலால்: 4.5 மில்லிமீற்றர், அரைக் கிராம் ஈயம், சக்தி ஆறேழு யூல்தான். பத்து மீற்றர் தூரத்தில் பத்துப் புள்ளி வட்டம் 11.5 மில்லிமீற்றர், பிஞ்சு நெல்லிக்காயளவு. வெடிமருந்தே இல்லை, கோணக் கணக்கோ இன்னும் கடினம்.

அன்று பின்னேரம் வகுப்பில் பாவிக்கும் லேசர்ச் சுட்டியை ஒரு கட்டைத்துண்டில் றப்பர் பட்டியால் கட்டினேன். விறாந்தைச் சுவரில், தென்னங்கன்றுப் பக்கம் பத்து மீற்றர் அளந்து, வெண்கட்டியால் 11.5 மில்லிமீற்றர் வட்டம் போட்டான் மருமகன். கட்டையைச் சுவரைவிட வேறெங்கும் திருப்பக்கூடாது, ஒருவரும் இடையில் போகக்கூடாது என்று அவனே பிள்ளைகளுக்குச் சட்டம் சொன்னான். கையில் எடுத்தால்தான் தெரிகிறது: பிடித்த கை அசைவதே கண்ணுக்குத் தெரியவில்லை, சுவரில் சிவப்புப் பொட்டு ஒரு சாணுக்கு அலைகிறது. பெடியன்கள் மூச்சைப் பிடித்து, கன்னத்தை உப்பி, இன்னும் மோசமாக்கினார்கள். மருமகனின் பொட்டு வட்டத்தைச் சுற்றியே நின்றது. வில்லை அமத்துவதுபோல விரலை மடக்கியதும் இடமாகக் கீழே குதித்தது. அவன் அதைப் பார்த்துத் தலையாட்டினான்.

இருட்டத் தொடங்கியதும் பொட்டு இன்னும் தெளிவாகத் தெரிந்தது. அம்மா விளக்கோடு வெளியே வந்து என்ன சத்தம் என்று கேட்டா. பேரன் கட்டையைக் கையில் கொடுத்தான். கொஞ்சம் தயங்கி வாங்கினா. நீட்டிய கையில் அறுபது வருடமாகத் தோசைக்கு மா ஆட்டிய நரம்புகள். பொட்டு வட்டத்துக்குள் போனது, வெளியே வந்தது, மறுபடி உள்ளே போய் நின்றது. பிள்ளைகள் வாய்விட்டு எண்ணத் தொடங்கினார்கள். நாலு வரைக்கும் எண்ணினார்கள்.